தாராளமாகத் தண்ணீர் விடவும்

மொத்தம் பத்துக் குறிப்புகள். பத்தையும் எழுதியது நான்தான். இப்போது யாராவது அந்தத் துண்டுப்பிரசுரத்தை என் முன்னால் நீட்டினால் எனக்குக் காது சூடாகிவிடும். பச்சை எழுத்தில் தலைப்பு: 'செழிப்பான வீட்டுத்தோட்டம், ஆரோக்கியமான குடும்பம்.' மூலையில் ஒரு தக்காளிப்பழம் சிரித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கண்ணும் வாயும் வைக்கச் சொன்னதும் நான்தான், என்ன செய்ய.

என் பெயர் அன்ரனிட்டா. சொந்த இடம் இளவாலை. வீட்டுத்தோட்டத் திட்டம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராகத் தீவுப்பகுதிக்குள் நாலு வருடம் அலைந்தேன். காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் பண்ணைப் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளும். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று கடந்து சரவணைக்குப் போய்ச் சேரும்போது முகத்தில் உப்புப் படிந்து தோல் இழுக்கும். வழியெல்லாம் கதவில்லாத வீடுகள், கூரையில்லாத வீடுகள், வெளிநாட்டுக் காசில் மாபிள் பதித்துப் பூட்டிவைத்த வீடுகள். இடையிடையே ஆள் இருக்கும் வீடு ஒன்று வரும். அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விதைப் பைக்கற்றும் நாற்றும் கொடுத்து, துண்டுப்பிரசுரத்தையும் வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு படமும் எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதுதான் வேலை.

நான் செம்மண்காரி. எங்கள் வீட்டுக் கிணற்றை விடியலிலிருந்து பொழுதுபடும்வரை மிசின் போட்டு இறைத்தாலும் அடுத்த நாள் தண்ணீர் பழைய இடத்திலேயே நிற்கும். அப்பா வெங்காயம் செய்தவர். தோட்டம் என்றால் தண்ணீர் கட்டுவது, தண்ணீர் கட்டுவது என்றால் வாய்க்கால் நிறைய ஓடவிடுவது. இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஆனபடியால் மூன்றாவது குறிப்பை இப்படி எழுதினேன்: 'காலையும் மாலையும் வேரடி நன்றாக நனையும்படி தாராளமாகத் தண்ணீர் விடவும்.' இளவாலையில் வாசிக்கிறவருக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது.

பிரியவதனியின் வீட்டுக்கு முதன்முதல் போனது ஒரு மாசி மாதம். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கதைக்கும்போது கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. எதையாவது துடைத்துக்கொண்டோ கிள்ளிக்கொண்டோதான் கதைப்பாள். கணவர் ஜெகதீஸ் யாழ்ப்பாணத்தில் ஓர் இரும்புக்கடையில் வேலை. முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருகிறவர். மகள் தாரிகா பத்தாம் வகுப்பு. வீட்டைச் சுற்றி நாலு பரப்புக் காணி. அதில் இரண்டு தென்னை, ஒரு வேம்பு, மிச்சமெல்லாம் வெள்ளை மணலும் கல்லும்.

"இவருக்கு இஞ்சை இருக்க விருப்பமில்லை மிஸ்," என்றாள், குசினி வாசலில் நின்று வெங்காயம் உரித்தபடி. "ரவுணில வாடைக்கு வீடு பாப்பம், பாப்பமெண்டு ஒரே அரியண்டம். பாவம், அவரும் என்ன செய்யிறது, பஸ்ஸிலயே சீவியம் போகுது. ஆனா எனக்கு ஏலாது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒன்பது வீடு மாறினனாங்கள். இது அப்பா சீதனமாத் தந்த வீடு. என்ர பேரில இருக்கிறது இது ஒண்டுதான். ஒரு வருசம் தாங்கோ, இந்தக் காணியில நாலு மரக்கறியை முளைக்கப்பண்ணிக் காட்டுறன், பேந்து கதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த கிழமை கடையில இருந்து தண்ணி இறைக்கிற மோட்டர் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டிவிட்டார்."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று நினைக்கிற மனிதன், தன் கையாலேயே மோட்டர் பூட்டிக் கொடுத்திருக்கிறான். எனக்கு அந்த மனிதனைப் பார்க்காமலே பிடித்துவிட்டது.

கிணறு எல்லையில் இருந்தது. தீவில் இப்படி நிறையப் பார்க்கலாம்: பங்குக் கிணறு. இரண்டு பக்கத்தாலும் கிடுகுவேலி வந்து கிணற்றுக் கட்டில் முட்டி நிற்கும். பாதி வட்டம் இவர்களுக்கு, பாதி வட்டம் அடுத்த காணிக்கு. காணி உறுதியிலேயே எழுதியிருக்கும். பிரியவதனியின் பாதியில் சீமெந்துத் தரையும், கிணற்றின் அடிவரை இறங்கும் நீலக் குழாயும். மற்றப் பாதியில் பழைய கப்பியும் கயிறும் ஒரு தகர வாளியும்.

நான் துண்டுப்பிரசுரத்தை வாசித்துக் காட்டினேன். ஆழக் கிடங்கு வெட்டுங்கள், அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை போடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழையும் சாணமும் மக்கவைத்துப் போடுங்கள். பூச்சிக்குச் சாம்பல் தூவுங்கள். மூன்றாவது குறிப்பு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"மிஸ், தாராளமாக எண்டால் எத்தினை வாளி?"

நல்ல கேள்வி. நாலு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான் சிரித்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"வாளிக் கணக்குப் பாக்காதேங்கோ பிள்ளை. கிணறு கிடக்கு, மோட்டர் கிடக்கு. விடுங்கோ."

அந்த நேரத்தில் மற்றப் பக்கத்தில் கப்பி கிறீச்சிட்டது. அறுபது கடந்த ஒரு மனிசி தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். இறுக்கிய கொண்டை, வெறும் நெற்றி. எங்களைப் பார்க்கவில்லை. வாளியைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கி, அலை எழும்பாமல் மேல் தண்ணீரை மட்டும் சரித்து எடுத்து, குடத்தில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார். நான் 'வணக்கம் அம்மா' என்றது காற்றோடு போனது.

"அவா கதைக்கமாட்டா," என்றாள் பிரியவதனி குரலைத் தாழ்த்தி. "இலட்சுமிப்பிள்ளை மாமி. அப்பாவின்ர தங்கச்சி. ஆறு வருசமாக் கதைபேச்சில்லை."

காரணம் கிணற்றடித் தண்ணீர். முன்பு குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் மாமியின் பக்கம் ஓடி, அவரின் ஏழு வாழைக்குப் பாயும். ஜெகதீஸ் இந்தப் பக்கத்துக்குச் சீமெந்து போட்டபோது வாட்டத்தைத் தங்கள் தென்னைப் பக்கம் திருப்பிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, மேசன்காரன் அப்படி விட்டான். மாமி வந்து கத்தினார். இவர்களும் பதிலுக்குக் கத்தினார்கள். வாழை ஏழும் அந்த ஆவணிக்குள் செத்தன. அன்றைக்கு மூடிய வாய்தான். தாரிகா பெரியபிள்ளையானபோதுகூட அந்த மனிசி படலை தாண்டி வரவில்லை.

எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. எந்தக் கிணற்றடியில் சண்டை இல்லை?

பங்குனியில் பிரியவதனியின் காணி பச்சை பிடித்தது. அவள் மாதிரிப் பாடுபட்ட ஒருத்தியை நான் கண்டதில்லை. கல்லைக் கிளறி எடுத்து வேலியோரம் அடுக்கினாள். தெருவில் மாட்டுச் சாணம் கிடந்தால் தகரத்தில் அள்ளிக்கொண்டு வந்தாள். பூவரசங்குழை முறித்து மண்ணுக்குள் தாட்டாள். பொச்சுமட்டைக்கு வேலணைவரை சைக்கிளில் போய், பின்கரியரில் சாக்குக் கட்டி உழக்கிக்கொண்டு வந்தாள். சித்திரை பிறக்கும்போது கத்தரி நாற்பது, வெண்டி முப்பது, பந்தலில் பயற்றை, ஒரு மூலையில் பூசணி, குசினி யன்னலுக்குக் கீழே மிளகாய். முதல் கத்தரிக்காயில் பால்கறி வைத்து எனக்குச் சோறு போட்டாள். ஜெகதீஸ் அன்றைக்கு லீவு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன மனிதன் பந்தலடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"மோசமில்லை என்ன மிஸ்?" என்றார் என்னிடம். பெண்சாதியிடம் சொல்லக் கூச்சம்.

எங்கள் திட்டத்தார் வந்து படம் எடுத்து, படலையில் 'மாதிரி வீட்டுத்தோட்டம்' என்று பலகையும் அறைந்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தலைக்கேறியது. மோட்டர் காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் ஓடியது.

வைகாசியில் சோளகம் தொடங்கியது. அந்தக் காற்று வீசும் மாதங்களில் தீவில் கதவு சாத்தினாலும் மணல் சோற்றுக்குள் வரும். அந்த மாதத்தில்தான் அவள் வீட்டில் பருப்பு அவியவில்லை. ஒரு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தும் பருப்பு பருப்பாகவே நின்றது. கடைக்காரன் பழைய பருப்பைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்று ஏசிவிட்டு வேறு கடைக்குப் போனாள். அதுவும் அவியவில்லை. மூன்றாவது கடைக்கும் போனாள். "ஊரில ஒரு கடையிலயும் நல்ல பருப்பில்லை மிஸ்," என்று எனக்கு ரெலிபோனில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் கேட்டுச் சிரித்தேன். விசரி நான், எனக்கு அப்போதாவது மண்டையில் உறைத்திருக்கக் கூடாதா?

அடுத்த கிழமை தாரிகா வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். கத்தரி இலைகளின் ஓரம் தீய்ந்து கபில நிறமாக உள்ளே சுருண்டிருந்தது. நான் நெடுந்தீவுக்குப் போகிற படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்துக்கொண்டு நின்றேன். வெயில், சனம், மீன் பெட்டி நாற்றம். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இலை ஓரம் கருகினால் தண்ணீர் காணாது, சோளகம் ஈரத்தை இழுத்திருக்கும். படகு வருவதற்குள் பதில் அனுப்பிவிட்டேன்: 'தண்ணீர் போதவில்லை. இன்னும் அரை மணித்தியாலம் கூட்டி விடவும்.'

அரை மணித்தியாலம் என்றதை அவள் ஒரு மணித்தியாலமாக விட்டாள். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்.

ஆனி இரண்டாம் கிழமை நேரில் போனேன். படலையைத் திறந்தேன். பயற்றைப் பந்தல் வைக்கோலாகத் தொங்கியது. கத்தரியில் பாதி இலை இல்லை. பாத்தி ஓரங்களில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பிரியவதனி கதிரை எடுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் ஒரு வாய் குடித்தேன்.

"பிள்ளை, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டீங்களோ?"

"இல்லையே மிஸ்." தன் கோப்பையை எடுத்துக் குடித்துப் பார்த்தாள். "இது இப்பிடித்தானே. கொஞ்ச நாளா ஒரு மாதிரித்தான் இருக்கு. நாங்கள் பழகிப்போனம் போல."

நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினேன். ஓஸ் பைப்பின் வாயைத் திருப்பிக் கையில் ஏந்திக் குடித்தேன். துப்பினேன். சவர். நாக்கு ஓரமெல்லாம் பிடித்து இழுக்கிற உப்புச் சவர். பாத்தியில் பூத்திருந்த வெள்ளை என்னவென்றும், பருப்பு ஏன் அவியவில்லை என்றும் அப்போதுதான் விளங்கியது. கிழமைக்கணக்காக அந்தப் பிள்ளை தன் தோட்டத்துக்குக் கடல்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காணாது, இன்னும் விடு, இன்னும் விடு என்று சொன்னது நான். நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

"இப்பதான் ருசி பாக்கிறீரோ?"

மற்றப் பக்கத்தில் இலட்சுமிப்பிள்ளை நின்றார். ஆறு வருடத்தில் இந்தப் பக்கத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் மருமகளோடு இல்லை, என்னோடு.

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"சித்திரையில இருந்து தெரியும். நான் குடிக்கிற தண்ணி, எனக்குத் தெரியாதோ?"

பிரியவதனி என் பின்னால் வந்து நின்றிருந்தாள். "தெரிஞ்சுகொண்டோ மாமி வாய் திறக்காமல் நிண்டனீங்கள்?" குரல் கீச்சிட்டது. "ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு, பிள்ளை மோட்டரை நிப்பாட்டு எண்டு சொல்லியிருக்கலாமே!"

"ஆர் என்னட்டைக் கேட்டது? வாழை சாகேக்கை சொன்னனான்தானே? தொண்டை கிழியக் கத்தினனான். கேட்டியளோ? இப்ப பலகை அடிச்சு, படம் எடுத்து, உத்தியோகத்தர்மார் வந்து போற வீட்டில இந்தக் கிழவி சொல்லித்தான் குறை?"

"அதுக்காக இப்பிடியோ? நீங்களும் இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறனீங்கள்!"

மனிசி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "நானும் இதைத்தான் குடிக்கிறன்."

மூன்று பேரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் எப்போதும்போலத் தெளிவாகத்தான் இருந்தது.

"அங்காலையும் கடல், இஞ்சாலையும் கடல்," என்றார் இலட்சுமிப்பிள்ளை என்னிடம். கோபம் இறங்கி அலுப்பு ஏறியிருந்தது. "மழை பெய்ஞ்ச நல்ல தண்ணி மேலால பாலாடை மாதிரித்தான் கிடக்கும். கீழை முழுக்கச் சவர். அதுதான் நாங்கள் மேலால வாளியைச் சரிச்சு எடுக்கிறது. இவை குழாயை அடியில விட்டு நாள் முழுக்க உறிஞ்சினால் ஆடை கிழிஞ்சு சவர் மேலை வராமல் என்ன செய்யும்?"

"இனி நிப்பாட்டினால் திரும்புமோ அம்மா?"

"மாரி கண்டால்தான் தெரியும். திரும்பின கிணறும் இருக்கு, திரும்பாததும் இருக்கு. தெற்காலை தம்பு வீட்டுக் கிணறு திரும்பவேயில்லை. அதுகள் இப்ப வவுனியாவில."

பிழை என்னில்தான் என்று பிரியவதனியிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவள் என்னைத் தேற்றவுமில்லை, ஏசவுமில்லை.

"நீங்கள் சொன்னீங்கள், நான் செய்தனான். மோட்டர் அவர் பூட்டினவர். மாமி பாத்துக்கொண்டு நிண்டவா," என்றாள். "ஆரையெண்டு ஏசுறது மிஸ்? விடுங்கோ."

மோட்டரின் வயரைக் கழற்றிச் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். பிறகு தோட்டத்துக்குள் இறங்கினாள். இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்த கத்தரிகளைப் பார்த்தபடி நின்றாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரைச் சேர்த்துச் சிரட்டையால் அளந்து ஊற்றினால் நாலைந்தைக் காப்பாற்றலாம் என்றேன். மற்றவை தானாக வாடட்டும் என்றேன்.

"வாடவிட்டுப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

சட்டையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். பூவோடு நின்றதும் வந்தது, பிஞ்சோடு நின்றதும் வந்தது. நானும் குனிந்தேன். காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிந்தது. ஒரு கட்டுச் சேர்ந்ததும் பிரியவதனி அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடி வேலிக்கு மேலால் மற்றப் பக்கம் போட்டாள்.

"ஆட்டுக்குப் போடட்டும்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

அடுத்த கட்டைப் போடும்போது முந்தியது அங்கே இருக்கவில்லை.

அதன்பிறகு நாலு மாதம் பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர்தான். கிழமையில் இரண்டு நாள் வரும், வராமலும் விடும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நிற்கவேண்டும். பிரியவதனி நிற்பாள், நாலு குடம் தள்ளி மாமியும் நிற்பார். கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் தலைமயிர் சடை பிடிக்கிறது என்று தாரிகா புறுபுறுத்தாள். ஜெகதீஸ் ஒருநாளும் 'நான் அப்பவே சொன்னனான்' என்று சொல்லவில்லையாம். அதுதான் தனக்குப் பெரிய வதையாக இருக்கிறது என்றாள் பிரியவதனி. ஐப்பசியில் கிணற்றடியில் நின்று, வேலிக்கு அங்காலும் கேட்க, அவர் ஒன்று மட்டும் சொன்னார்: கொட்டடிப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். மாரி முடியட்டும். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு அவிந்தால் இருப்போம். அவியாவிட்டால் போவோம். அவள் ஓம் என்றாள். மறுத்துப் பேச அவளிடம் வேறு என்ன இருந்தது?

நான் அலுவலகத்தில் மிச்சமிருந்த துண்டுப்பிரசுரங்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றிலும் 'தாராளமாக' என்ற சொல்லைப் பேனையால் வெட்டினேன். முந்நூற்றுச் சொச்சம். கை உளைந்தது. வெட்டின கையோடு மற்ற ஒன்பது குறிப்புகளையும் வாசித்துப் பார்த்தேன், அவற்றில் எது எந்த வீட்டில் என்ன செய்திருக்குமோ என்று பயமாக இருந்தது.

கார்த்திகையில் மழை பெய்தது. பெருமழை என்று சொல்ல முடியாது, பொய்த்தது என்றும் சொல்ல முடியாது. கிணற்றில் தண்ணீர் நாலு முழம் ஏறியது. பிரியவதனி காலையும் மாலையும் விரலை நனைத்து நக்கிப் பார்ப்பாளாம். ஒருநாள் நல்லதுபோல இருக்கும், அடுத்த நாள் பழைய சவர்போல இருக்கும்.

மார்கழி கடைசியில், தைப்பொங்கலுக்குச் சில நாள் இருக்க, அவள் ரெலிபோன் எடுத்தாள். "இண்டைக்குப் போறம் மிஸ். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும்போது வேலி இடைவெளியால் இலட்சுமிப்பிள்ளையைக் கண்டேன். தகரக் கூரை ஓரத்தில் நீலப் பீப்பா ஒன்று வைத்து மழைத்தண்ணீர் பிடித்து மூடியிருந்தார். மூடியைத் திறந்து செம்பால் அள்ளிச் சட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆட்டுக்காக்கும் என்று நினைத்தேன்.

படலையில் பின்பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நின்றது. பெட்டியில் கட்டில், அலுமாரி, தாரிகாவின் மேசை எல்லாம் ஏற்றிக் கயிறு போட்டிருந்தார்கள். 'மாதிரி வீட்டுத்தோட்டம்' பலகை ஒற்றை ஆணியில் தொங்கியது. பிரியவதனி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டியைத் திறந்து காட்டினாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அவித்த பருப்பு. தண்ணீர் ஒருபக்கம், பருப்பு ஒருபக்கம். ஒன்றை எடுத்து நசித்தேன். விரலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

"விடியக்காலமை நாலரைக்கு எழும்பி வைச்சனான்," என்றாள். "அவர் எழும்ப முந்தி அவிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

துடைக்க ஒன்றும் இல்லாமல் வெறும் அடுப்புக்கல்லைத் துடைத்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். வேறு என்ன செய்ய? சொல்வதற்கு என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை.

கனநேரம் கழித்து, கயிற்றை இறுக்கி முடிந்த பிறகு, படலை திறந்தது. இலட்சுமிப்பிள்ளை வந்தார். கிணற்றடியால் இல்லை, தெருவால் சுற்றிப் படலையால். சேலைத் தலைப்பால் பிடித்த சட்டி கையில். ஆறு வருடம் கழித்து அந்த முற்றத்தில் கால் வைத்த மனிசி, ஏதோ நேற்றும் வந்து போனவர்போல நேரே ஜெகதீஸிடம் போனார்.

"பருப்பு அவிஞ்சிட்டுது," என்றார். "பாரும் தம்பி. மசிச்சுக்கூட விடேல்லை. உங்கடை பெண்சாதிக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. வேற ஒண்டுமில்லை."

சட்டியைப் படியில் வைத்துக் கரண்டியையும் கொடுத்தார். ஜெகதீஸ் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். வெந்து குழைந்து மஞ்சளாக, உள்ளியும் செத்தல் மிளகாயும் தாளித்த பருப்பு.

"நல்லா அவிஞ்சிருக்கு," என்றார். "எந்தத் தண்ணி மாமி?"

"இதென்ன கேள்வி? எங்களிட்டை இருக்கிறது ஒரு கிணறுதானே."

பிரியவதனி குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியும். காலையில் அதே கிணற்றுத் தண்ணீரில் அவித்தவள் அவள். ஆனால் அவள் முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஜெகதீஸ் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், நீங்கள் சொல்லுங்கோ. இது கிணத்துத் தண்ணியோ?"

ஐயோ மாதாவே என்று இருந்தது எனக்கு. அந்த வீட்டுக்காக இரண்டுதரம் வாய் திறந்திருக்கிறேன். இரண்டுதரமும் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். இப்போது முதன்முதலாகத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறார்கள். ஓம் என்று ஒரு சொல்லு சொன்னால் அலுமாரி திரும்ப உள்ளே போகும். பிறகு நாளைக்கு? நாளையின்றைக்கு?

"இல்லைத் தம்பி," என்றேன். "மழைத்தண்ணி. அம்மா பீப்பாவால அள்ளினதை வரேக்கை கண்டனான்."

பிரியவதனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீர் ஒரு மனிசியோ?" இலட்சுமிப்பிள்ளை என்மேல் பாய்ந்தார். "உம்மட வாய் ஒருநாளும் நல்லதுக்குத் திறக்காதோ? தண்ணியை விடு விடு எண்டு கிணத்தையும் நாசமாக்கி, இப்ப என்ர பருப்பிலயும் மண்ணைப் போடுறீர்! போம்! உம்மட ஊருக்குப் போம்!"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு வரவேண்டியதுதான்.

ஜெகதீஸ் கோபப்படவில்லை. படியில் இருந்தார். இன்னொரு கரண்டி பருப்பு எடுத்துச் சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார். வெறும் வயிற்றோடு விடியலிலிருந்து தளபாடம் தூக்கின மனிதன்.

"எனக்கு முதல் வாயிலயே தெரிஞ்சது," என்றார். "இந்த ருசி எங்கடை கிணத்தில இல்லை." பிறகு அந்த மனிசியை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வருசமா எங்களோட கதைக்காத ஆள், பருப்பு அவிச்சுக்கொண்டு வந்து பொய் சொல்லுறீங்களே மாமி."

"சொல்லாமல்?" இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். "நீங்களும் போனால் நான் ஆரோட கதைக்காமல் இருக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. பிரியவதனி வாசலிலிருந்து இறங்கி வந்து மாமிக்குப் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை, பக்கத்தில் நின்றாள். லான்ட்மாஸ்ரர்காரர் மட்டும் தெருவில் நேரமாகிறது என்று கோர்ன் அடித்தார்.

ஜெகதீஸ் கரண்டியால் சட்டியின் ஓரத்தை வழித்தார்.

"பீப்பாவில எவ்வளவு தண்ணி கிடக்கு மாமி?"

"முக்கால் பீப்பா."

"எங்களிட்டையும் ஒரு பீப்பா கிடக்கு. இரும்புக்கடையில கூரைத்தண்ணி பிடிக்கிற தகரப் பீலி அரை விலைக்குத் தருவாங்கள்," என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு எழும்பிப் படலைக்குப் போனார். அவர் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிச் சத்தம் போடுவது எங்களுக்குக் கேட்டது.

பிரியவதனி வெறும் சட்டியைக் கையில் எடுத்தாள். "இந்த முக்கால் பீப்பாவும் எத்தினை நாளைக்கு மாமி காணும்?"

இலட்சுமிப்பிள்ளை முகத்தைத் துடைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தார்.

"பருப்புக்கு மட்டுமெண்டால் ரெண்டு வீட்டுக்கும் மாசி கடைசி வரைக்கும் காணும்," என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "தாராளமா விடச்சொல்லி உவ வந்து சொல்லாட்டி."